கை வைத்துப் பார்த்த போர்வை

எங்கள் எதிர்வீட்டில் ஒரு புலி இருந்தது. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கி வந்த தடித்த போர்வையில் நாக்கை நீட்டிப் படுத்திருந்த புலி. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டுப் பெரியம்மா அதைக் கம்பி வேலியில் வெயில் காயப் போடுவார். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டு வரிசை வழியாகப் போகிறவர்கள் எல்லாம் நின்று தடவிப் பார்ப்பார்கள். அவருடைய மகன் என் வகுப்புதான். புலியைத் தானே காட்டில் பிடித்து வந்தவன்போல் பக்கத்தில் நிற்பான்.

"உங்க வீட்ல என்னா இருக்கு?" என்று ஒருநாள் என்னைக் கேட்டான்.

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. இன்றைக்கும் அப்படித்தான். பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டேன். ஆனால் பதில் எங்கள் வீட்டில் இருந்தது. அலமாரியின் அடித்தட்டில், அம்மாவின் கல்யாணப் புடவைக்குக் கீழே, நாலாக மடித்து ஒரு போர்வை இருந்தது.

அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பார். பிளவுஸ் வெட்டும்போது கழுத்துப் பக்கத்திலிருந்து பிறைபோல் ஒரு துண்டு விழும். கை வைக்கும் இடத்தில் வளைந்து நெளிந்து இன்னொன்று விழும். ஒன்றுகூடச் சதுரமாக இருக்காது. அவற்றை அம்மா ஒரு பால்மாவு டின்னில் சேர்ப்பார். மத்தியானத்தில் பழைய சாரோங் கைலி ஒன்றைத் தரையில் விரித்து, துண்டுகளை அதன்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருப்பார். எதையும் நேராக வெட்டமாட்டார். பச்சைப் பட்டின் வளைவுக்குள் ஊதா வெல்வெட்டின் மூலை போய் உட்காரும். அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு, அதற்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு மஞ்சள். ஒட்டு தெரியும் இடமெல்லாம் கைத்தையல். மீன்முள் தையல், சங்கிலித் தையல், நடுவில் கடுகளவு முடிச்சுப் பூக்கள். கிழிந்த உள்பாவாடைகளின் லேஸை வெட்டி எடுத்து ஓரமெல்லாம் வைத்திருந்தார்.

துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா அதைப் பார்த்துச் சிரிப்பார். "இதுல நேரா ஒரு கோடுகூட இல்லையே. இப்படி நான் லோரி ஓட்டுனா லைசன்ஸ் போயிரும்."

அந்தப் போர்வையை அம்மா யாருக்கும் காட்டியதில்லை. காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் விழுந்தால், அதைச் சுருட்டி பிளவுஸோடு திருப்பித் தரவேண்டும். பையைத் திறந்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் பிளவுஸைப் பார்க்குமுன் அந்தச் சுருளைத்தான் தேடுவார்கள். மிச்சத் துணியை எடுத்துக்கொள்கிறாள் என்று ஒரு தையல்காரிக்குப் பேர் வந்துவிட்டால், அவளிடம் யாரும் இரண்டாம் முறை போகமாட்டார்கள். இதெல்லாம் வீட்டில் தினமும் கேட்ட பேச்சுதான். இருந்தும், இவ்வளவு அழகான ஒன்றை அம்மா கூச்சப்பட்டு ஒளிக்கிறார் என்றே நினைத்தேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மா நூலும் கொக்கியும் வாங்கக் கிள்ளானுக்குப் பஸ் ஏறினார். எதிர்வீட்டு வேலியில் புலி படுத்திருந்தது. நான் அலமாரியைத் திறந்து போர்வையை எடுத்து, எங்கள் வேலியில் விரித்து, ஆறு கிளிப் போட்டேன்.

வெயில் பட்டதும் அதன் நிறமெல்லாம் தீப்போல் எரிந்தது. புலிக்காரன் வந்து நின்றான். ஒரு முடிச்சுப் பூவை விரலால் தடவினான்.

"யாருடா செஞ்சா?"

"எங்கம்மா."

"கையாலயா?"

தலையாட்டினேன். அவன் புலி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குமுன் வந்ததில்லை.

பாசாரில் மீனும் காய்கறியும் வாங்கித் திரும்பிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். "அலாமாக், இந்தப் பூவப் பாருங்களேன்! மெஷின்ல வராதுலா இது." பத்து நிமிஷம் எங்கள் வேலிதான் ஊருக்கே பெரிது.

பிறகு ஒரு அக்கா குனிந்து பார்த்தார். "இந்த மஞ்சள் என்னோடதுலா! போன தைப்பூசத்துக்குத் தெச்சது."

"அந்த ரோஸ் என் மக சடங்குக்கு எடுத்தது."

விரல்கள் நீண்டன. முதலில் சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. அதற்குள் எதிர்வீட்டுப் பெரியம்மா, நைட்டிக்கு மேல் துவாலையைப் போர்த்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். போர்வையின் நடுவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு. அம்மா அதில்தான் அதிகமாகப் பூ போட்டிருந்தார்.

"துணி பத்தலன்னு என் பிளவுஸ் கையக் குட்டையா வெச்சாளே! பத்தாத துணி இங்க வந்து பூ பூத்திருக்கு!"

அந்த நேரம் பார்த்து அம்மா நூல் பையுடன் வந்து சேர்ந்தார். வேலியைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வாசலோரக் கால்வாயில் இறங்கி ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது எனக்கு.

"என்னாம்மா இது? எத்தன பேரு துணி?" என்றார் பெரியம்மா.

"எல்லாரு துணியும் இருக்குக்கா." அம்மாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "கைக்கு அடங்குற துண்டத்தான் வெச்சிக்கிட்டேன். பெருசா இருந்தத எல்லாம் சுருட்டிக் குடுத்துட்டேன். அவங்கவங்க துண்டு மேல கைய வெச்சுப் பாருங்க. கையத் தாண்டித் துணி தெரிஞ்சா இப்பவே பிரிச்சுக் குடுத்துர்றேன். அப்புறம் எங்கிட்டத் தெக்கக் குடுக்க வேணாம்."

கிளிப்பைக் கழற்றிப் போர்வையை வாசல் சிமெண்டுத் தரையில் விரித்தார். நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மஞ்சள் அக்கா முதலில் கை வைத்தார். மஞ்சள் மறைந்தது. ரோஸ் மறைந்தது. வளையல் போட்ட கை, மீன் வாசம் அடித்த கை, மருதாணி வைத்த கை, எல்லாம் வரிசையாக வந்தன.

"என் கைக்குள்ள இன்னும் ரெண்டு துண்டு போகும்."

"உன் கை என்னா கையா, சட்டுவம்லா!"

மறுபடியும் சிரிப்பு வந்தது. போர்வையில் தன் துணி இல்லாத ஒருத்தி, "என்னோடத ஏன் போடல?" என்று கோபித்துக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

கடைசியாகப் பெரியம்மா உட்கார்ந்தார். பெரிய உடம்பு. பின்னால் நின்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்திருக்கும். மயில்கழுத்துப் பட்டின்மேல் கையை வைத்தார். சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் தோளிலிருந்து துவாலை நழுவிக் கையின்மேல் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அடங்கிருச்சு!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "ஒரு நூலுகூட வெளிய இல்ல. போங்கடி, போயி சமைங்க."

எழுந்து போகும்போது அம்மாவிடம், "இதப் போயி ஒளிச்சு வெச்சியே. நாலு பேரு பாக்கட்டும்," என்றார். நாலு எட்டு நடந்து திரும்பினார். "தீபாவளி பிளவுஸுக்குக் கைய நீளமா வெய்யி."

நான் துள்ளிக் குதித்தேன். வரிசையே திரண்டு வந்து கேட்டும் என் அம்மாவிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் கேட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு என்று நினைத்தேன்.

"ஜெயிச்சிட்டோம்லம்மா?"

அம்மா என் தலையில் கையை வைத்துவிட்டு நூல் பையைப் பிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புலிக்கு எதிரே எங்கள் போர்வையும் காய்ந்தது.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் நானாகப் பேசுவது அதைப் பற்றி மட்டும்தான். விரித்துக் காட்டுவேன், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். போன மாதம் ஓரத்து லேஸ் விட்டுப்போயிருந்தது. தைப்பதற்காக மடியில் போட்டபோது என் இடது கை நடுவில் இருந்த அந்த மயில்கழுத்துப் பட்டின்மேல் விழுந்தது. முப்பது வருஷமாகக் காருக்கு சீட் உறை தைத்துத் தடித்த கை. எடுக்கப் போனவன் அப்படியே இருந்தேன். இந்தப் பக்கம் இரண்டு விரல் அகலம் நீலம் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு விரல். கையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரிந்தது.

பெரியம்மாவின் கை என் கையில் பாதிதான் இருக்கும்.