இடப்பக்கத்துப் பழுது

செந்தமிழ்ச்செல்வனுக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். திருப்பாதிரிப்புலியூரில் அவன் வீடு ஒரு முன்னறையும் ஒரு பின்னறையும்தான். அதற்குள் எவ்வளவு நடக்க முடியும்? மனுஷன் நடந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. சுப்பராயலுவின் இசைக்குழுவில் மிக்சர் முன்னால் உட்காருகிறவன் அவன். பாடகர் மைக், கீபோர்டு, தபலா, ரிதம் பேட் எல்லாவற்றின் ஒயரும் அந்தப் பலகைக்குத்தான் வந்து சேரும். எது ஏறணும், எது இறங்கணும் என்பதை அவன் விரல்தான் முடிவு பண்ணும். ஐ.டி.ஐ. முடித்த கையோடு மைக் செட்டுக்கு ஒயர் சுற்றப் போனவன், படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்து, தலை நரைக்கிற வரைக்கும் அதை விடவில்லை. கடலூரிலிருந்து குமராட்சி வரைக்கும் அவன் சவுண்டு கேட்காத கல்யாண மண்டபம் இல்லை. 'செல்வன் உக்காந்தா தேன்யா' என்று ஜனங்கள் சொல்லிக் கேட்டவன். அந்தச் சொல்லுக்குத்தான் இப்போது ஆபத்து.

புவனகிரிக் கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் கச்சேரி நடுவே மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். "யோவ், இன்னாய்யா சவுண்டு இது? காதுல ஊசி குத்துற மாரி கீச்சு கீச்சுன்னு! கொறைய்யா!" என்று கத்தினார். செல்வனுக்கு ரத்தம் கொதித்தது. அவன் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் கூர்மை வைக்கலாம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தான். வேனில் திரும்பி வரும்போது சுப்பராயலு முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"செல்வா, இந்த மாசத்துல எத்தன வூட்ல இதே பேச்சு! ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல கல்யாணம். பெரிய பார்ட்டி. அங்கயும் இப்டி ஆச்சுன்னா அருண்குமார உக்கார வச்சிருவேன். மனசுல வச்சிக்காத."

அருண்குமார் பின்சீட்டில் போனைத் தடவிக்கொண்டிருந்தான். பேட் வாசிக்கிறவன், சின்ன வயசு, மிக்சரும் தெரியும். தலையே தூக்கவில்லை. தூக்காததைப் பார்த்தே செல்வனுக்கு வயிறு எரிந்தது. இவன்தான் போட்டுக் கொடுத்திருப்பான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

குற்றம் தன் மேல் இல்லை, கீபோர்டு மேல்தான் என்று அவன் நம்பினான். இந்தக் காலத்துக் கீபோர்டு எல்லாம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் சத்தம் போடுகிறது. அதன் முள்ளை மழுக்க ஒரு வழி இருப்பதாக யூடியூபில் நாலைந்து பேர் சத்தியம் பண்ணினார்கள். பழைய ரேடியோக்களில் இருக்குமே கண்ணாடி வால்வு, அது போட்ட சின்ன ப்ரீஆம்ப் பெட்டி. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் வைத்தால் சத்தம் உருண்டு திரண்டு வருமாம். சீனாக்காரன் புண்ணியத்தில் விலையும் மலிவு. வாங்கிவிட்டான்.

பெட்டி உள்ளங்கை அகலம்தான். மேலே கட்டைவிரல் உயரத்தில் இரண்டு வால்வு. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தன. வால்வு சூடாகிச் சிவக்கிறது என்று வாங்கினவன் பூரித்துப்போவான். அடியில் ஒட்டியிருக்கிற எல்.ஈ.டி. பல்புதான் பாதி ஜொலிப்பு! செல்வன் தெரிந்தும் பூரித்தான்.

முதல் நாள் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டியின் அடாப்டரையும் போன் சார்ஜரையும் ஒரே பலகையில் செருகியிருந்தான். பிரித்து வைத்தான், பாதி போனது. கப்பலில் வந்த ஈரத்தில் வால்வின் கால்களில் பாசி மாதிரி பிடித்திருந்தது, துடைத்துச் செருகினான், மீதியும் போனது. பென்சிலால் வால்வைத் தட்டிப் பார்த்தான். மட்டமான வால்வாக இருந்தால் ஸ்பீக்கரில் 'ணங்' என்று மணி அடிக்கும். லேசாகத்தான் அடித்தது, பரவாயில்லை. மலிவுப் பெட்டிக்கு இது மேல்தான் என்று மெச்சிக்கொண்டு, தன் குழுவின் பாட்டு ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர்களுக்கு நேராக உட்கார்ந்தான்.

இடது பக்கம் மந்தமாக இருந்தது. வலது ஸ்பீக்கரில் ஜால்ரா 'சிங் சிங்' என்று விழுந்தது. இடதில் அதே ஜால்ரா துணி போட்டு மூடின மாதிரி.

இதற்கெல்லாம் இந்தத் தொழிலில் ஒரே வழிதான், மாற்றிப் போடுவது. இடது வால்வை வலதில் போடு, வலதை இடதில் போடு. பழுது வால்வோடு இடம் மாறினால் வால்வு கெட்டது. மாறாமல் அங்கேயே நின்றால் வால்வு நல்லது, அடுத்ததைப் பார். செல்வன் மாற்றினான். பழுது இடதிலேயே நின்றது. ஒயரை மாற்றினான். இடதிலேயே நின்றது. ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினான். அசைந்தால்தானே! வேலைக்குப் போய்த் திரும்பிய மனைவி புஷ்பவள்ளி அறை நடுவில் ஒயர் குவியலைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"இன்னாங்க இது, எலி பொந்து மாரி?"

"எடது சேனல் செத்துப்போச்சு. நீ கேளு, இது வேற மாரி இல்ல?"

அவள் நின்று கேட்டாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"ஒனக்கு எங்க தெரியப்போவுது" என்றான். அவள் அங்கன்வாடி டீச்சர். நாளெல்லாம் பிள்ளைகளை அதட்டி அடக்குகிற குரல். வீட்டில் அவள் மெல்லப் பேசினாலே எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். ஆகவே அவள் சொன்னது எதுவும் அவன் காதில் விழாமல் போனதில்லை. விழுந்ததை மதிப்பது வேறு விஷயம்.

மறுநாள் பெட்டியைப் பிரித்து சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தான். கெப்பாசிட்டர் மாற்றினான். சத்தத்தின் கூர்மையை ஏற்றி இறக்குகிற டிரெபிள் குமிழையே கழற்றி வேறு போட்டான். பழுது இடதிலேயே. சீனாக்காரன் பரம்பரையை வாய்க்கு வந்தபடி திட்டினான். ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. அருண்குமார் தன் நாற்காலியில் உட்கார்ந்து முதுகை நீட்டிச் சோம்பல் முறிப்பதுபோல் ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

வியாழக்கிழமை மத்தியானம் அவனுக்கு வெறுத்துப்போனது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, நாற்காலியை ஓர் உதை விட்டுத் திருப்பி, பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஜால்ரா விழுந்தது. எங்கே விழுந்தது? இவ்வளவு நாளாக மந்தமாக இருந்த அந்த ஸ்பீக்கரில் 'சிங் சிங்' என்று சுத்தமாக விழுந்தது! நன்றாக இருந்த ஸ்பீக்கர்தான் இப்போது துணி மூடிக் கிடந்தது. பழுது இடம் மாறிவிட்டது! சந்தோஷத்தில் துள்ளி எழுந்தான். அப்பாடா, பிடித்தாயிற்று! என்னத்தை மாற்றினோம் இப்போது? வால்வைத் தொடவில்லை. ஒயரைத் தொடவில்லை.

மாறினது அவன் மட்டும்தான்.

அப்படியே நின்றான். பிறகு பயந்து பயந்து இடது காதைக் கையால் பொத்தினான். ஜால்ரா இருந்தது. வலது காதைப் பொத்தினான். பாட்டு இருந்தது, தாளம் இருந்தது, ஜால்ராவைக் காணோம். கையை எடுத்தான், பொத்தினான், எடுத்தான். எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான்.

எப்படி ஆனது என்று யோசிக்க அவனுக்கு ரொம்ப நேரம் வேண்டியிருக்கவில்லை. கல்யாண மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நிற்பார்கள், வீடியோவை மறைக்கக்கூடாது. அதனால் கச்சேரியை ஓரங்கட்டுவார்கள். கச்சேரிக்கும் ஓரத்தில், பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை ஒட்டி, மிக்சர் மேசை. எந்த மண்டபத்திலும் அவனுக்கு அதே மூலைதான், பாக்ஸ் இடது தோளுக்குப் பக்கத்திலேயே நிற்கும். காது கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது, அவனும் டிரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறான். தாய்மாமன் பொய் சொல்லவில்லை.

"சரியாயிடுச்சாங்க?" என்று சாயந்திரம் புஷ்பவள்ளி கேட்டாள்.

"ஆயிடுச்சு" என்றான். வேறு என்ன சொல்வான்? சொன்னால் அது நிஜமாகிவிடும்.

ஞாயிறு சாயந்திரம் சிதம்பரம் மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நின்றான். மேசையை எதிர் ஓரத்தில் போடலாமா என்று மேனேஜரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டான். "அங்க ஐஸ்கிரீம் கவுன்ட்டர் வருதுங்க" என்று முடித்துவிட்டார். சரி, அதே மூலை. டிரெபிள் குமிழ்கள் அத்தனையையும் நடுவில் நிறுத்தி, திருப்ப முடியாதபடி மேலே டேப் ஒட்டினான். வலது காதில் ஹெட்போனை மாட்டி கீபோர்டைத் தனியாகக் கவனித்தான். வால்வுப் பெட்டி வஞ்சனை இல்லாமல் வேலை செய்தது. கீபோர்டு வெண்ணெயாக வந்தது.

ஆனால் மண்டபத்துச் சத்தம் அவனுக்குச் சப்பென்று இருந்தது. விரல் தானாக டேப் பக்கம் போனது. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூன்று பாட்டு முடிந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுப்பராயலு பாடிக்கொண்டே மேடையிலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார். செல்வனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டிவிடலாம், யாருக்கும் தெரியாமல் இப்படியே ஓட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினான்.

நாலாவது பாட்டில் மாப்பிள்ளையின் தோழர்கள் கும்பலாக வந்து ஒயர் இல்லாத கார்ட்லெஸ் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆடப் போனார்கள். செல்வன் கண் மிக்சரில் கீபோர்டு அளவைக் காட்டும் விளக்கின் மேல் இருந்தது, காதிலும் கீபோர்டுதான். தற்செயலாகத் தலையைத் தூக்கினான். முன்வரிசையில் ஓர் அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவனையே முறைத்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதது. மேடையில் கல்யாணப் பெண் மருதாணிக் கையால் காதை அழுத்திக்கொண்டிருந்தாள். மண்டபமே அவனைப் பார்த்தது. எதற்குப் பார்க்கிறார்கள்? அவனுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

பிறகு புரிந்தது. எங்கேயோ விசில் அடிக்கிறது. மைக் எதுவோ பாக்ஸ் முன்னால் போய் அதன் சத்தத்தையே திருப்பி வாங்கிக் கத்துகிறது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே அடக்கத் தெரிந்துகொண்ட விசில், அது தன் தோளுக்குப் பக்கத்தில் அலறுகிறது, தனக்குக் கேட்கவில்லை!

மொத்தச் சத்தத்தையும் ஒரே இழுப்பில் கீழே இறக்கினான். மண்டபம் நிசப்தமானது. சுப்பராயலுவின் வாய் மட்டும் அசைந்தது. எந்த மைக் என்று அவனுக்குத் தெரியாது. ஹெட்போனில் ஒவ்வொன்றாகத் தேட நிதானம் இல்லை. கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினான். தபலா, பெண்ணின் கை இறங்கியே இருந்தது. கீபோர்டு, பாடகர் மைக், இறங்கியே இருந்தது. கார்ட்லெஸ்ஸை ஏற்றினான். மருதாணிக் கை சட்டென்று காதுக்குப் போனது. அதை அணைத்தான். பாட்டு தொடர்ந்தது.

பாட்டு முடிந்ததும் சுப்பராயலு மேடையை விட்டு இறங்கி வந்தார். பாக்ஸை ஒட்டி, அவனுடைய இடது பக்கம் குனிந்தார். மீசை அசைவது தெரிந்தது. கோபமா, கேள்வியா, ஒன்றும் விளங்கவில்லை.

"என்னண்ணே?" என்றான் செல்வன்.

சுப்பராயலு அவனைப் பார்த்தார். ஒயர்களைத் தாண்டி, நாற்காலியைச் சுற்றி, வலது பக்கம் வந்தார். அவன் காதிலிருந்து ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எப்பலேந்துடா?"

"வியாழக்கெழமதான் தெரிஞ்சிதுண்ணே."

அவர் அவன் தோளில் கையை வைத்தார். பிறகு, "நீ போய் சாப்புட்டு வா செல்வா. அருண்குமார் பாத்துக்குவான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செல்வன் எழுந்தான். அருண்குமார் வந்து நின்றான், நாற்காலியில் உட்காரவில்லை. வாரம் முழுக்க அவன் முகத்தில் கற்பனை பண்ணி வைத்திருந்த சிரிப்பு அங்கே இல்லை. "நீங்க வர்ற வரைக்கும்தாண்ணே" என்றான் தரையைப் பார்த்து.

"கார்ட்லெஸ்ஸ கீழ உடாத. அந்த டேப்ப பிரிக்காத" என்று சொல்லிவிட்டு செல்வன் படியிறங்கினான்.

சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தபோது போன் அடித்தது. புஷ்பவள்ளி. வலது காதில் வைத்தான்.

"கச்சேரி எப்டிங்க போவுது? அந்தப் பொட்டி வேல செய்தா?"

"பொட்டி நல்லாருக்கு புஷ்பா" என்றான். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் சத்தமாகவே சொன்னான். "எனக்குத்தான் எடது காது போச்சு."

மறுமுனையில் அந்தப் பெரிய குரல் இறங்கி வந்தது. "நாளைக்கு லீவு போடுறேன். டாக்டர பாக்கலாம். இப்ப சாப்புடுங்க."