மறுபடி போட்ட மரம்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, திருப்போரூருக்குப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். அவர் கணவருக்கு அன்று டயாலிசிஸ். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலை முறை. தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து கிடக்கிறது, ஆட்டோ வெளியே போக வழியில்லை என்றார்.

நாங்கள் மூன்று பேர். இதற்குச் சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது. வாரநாளில் நாவலூரில் கம்ப்யூட்டரைத் தட்டுபவர்கள். புயலென்றால் மரமறுக்கும் மிஷினோடு கிளம்பிவிடுவோம். லைன்மேன் கரண்டை நிறுத்திவிட்டதாகச் சொன்ன பிறகுதான் மரத்தைத் தொடுவோம். அன்றும் அப்படியே. கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டு போட்டு, ஆட்டோ போகுமளவு உருட்டி ஒதுக்கினோம். "அக்கா, கெளம்புங்க" என்று போனில் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் கூரைமேல் விழுந்திருந்த கிளையை இறக்கப் போனோம்.

ஆட்டோ ஹாரன் விடாமல் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், நாங்கள் ஒதுக்கிய துண்டுகள் மறுபடி நடுரோட்டில் கிடந்தன. நாலைந்து வெள்ளைச் சட்டைக் கட்சிக்காரர்கள் கிளைகளைக்கூட இழுத்துப் போட்டு, தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா பண்ற நீ?" என்றேன் ஒருவனிடம்.

"தலைவரு வந்துகினு கீறாரு அண்ணாத்த. அவரு அறுக்குற மாதிரி ஒரே ஒரு போட்டோ. ரோடு காலியா கீதுன்னா இன்னாத்த எடுக்கறது? மிஷின குடுத்துட்டு போ."

ஆட்டோவுக்குள் அக்காவின் கணவர் வீங்கிய கால்களோடு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. இவர்கள் வீட்டில் ஒருவருக்கு மூச்சு முட்டினாலும் தலைவர் வரும்வரை பிடித்து வைத்திருப்பார்களா? வாக்குவாதத்திலேயே நேரம் ஓடியது. கட்டையைத் தள்ள இறங்கிவந்த அக்காவை அவன் "ஓரமா நில்லும்மா" என்றான்.

அக்கா நிற்கவில்லை. "அவரயும் தூக்கியாந்து இந்தக் கட்டமேல குந்த வெக்கறேன். ஒன் தலைவரோட சேத்து எடுத்துக்க" என்றார். அதற்குப் பிறகுதான் விலகினார்கள்.

ஆனால் காலை முறை போய்விட்டிருந்தது. அவருடைய இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்களாம். மாலையில்தான் அக்கா பேசினார்.

"இப்பதான் தம்பி அவருக்கு ஊசி குத்தி ஆரம்பிச்சிக்கீறாங்க. நாளைக்கும் காத்து வரும்ங்கறாங்க. மரம் வுழுந்தா ஒனக்கு மட்டும் சொல்றேன். நீயும் யாருகிட்டயும் சொல்லாத."