விதைக்கிழங்கை மறந்த மனுஷன்

என் வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, அவரோடு குடித்தனம் நடத்துவது நானல்லவா?

தராசு முள் நேராக நின்ற பிறகும் ஒரு கிழங்கைக் கூடுதலாகப் போடுவார். பொழுது சாய்வதற்குள் கூலியாட்கள் கையில் கூலி இருக்க வேண்டும். வயலின் ஓரங்களைத் தோண்டவே மாட்டார். இல்லாதவர்கள் வந்து தோண்டிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால், தினமும் படிக்கும் வேதப்புத்தகத்தைக் காட்டி, "வேதத்துல அப்படித்தான் இருக்கு" என்பார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இந்த வருஷம் பாதிக் கிழங்கு மண்ணிலேயே அழுகிப்போனது. மிஞ்சியதில் முட்டை அளவாக, சொத்தை இல்லாததாகப் பார்த்து, அடுத்த நடவுக்கு விதையாக இரண்டு மூட்டை கட்டினேன். முதுகு விட்டுப்போயிற்று. அவற்றை வயலோர மரத்தடியில் வைத்துவிட்டு, "இதை மறந்துடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் எல்லா மூட்டையையும் வண்டியில் ஏற்றினார், அந்த இரண்டைத் தவிர.

மறுநாள் காலையில்தான் தெரிந்தது. "ஓடுங்க! போய் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன். எழுந்தவர், ஏதோ நினைவு வந்தவராக மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வயல்ல மறந்துட்டு வந்ததைத் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது. அது இல்லாதவங்களுக்கு."

"அது விதைங்க!"

"விதைன்னு தனியா சொல்லலையே."

தலையில் அடித்துக்கொண்டு நானே ஓடினேன். மரத்தடி காலி. விதை வாங்கக் கையில் காசில்லை. நடவில்லாவிட்டால் அடுத்த வருஷம் அடுப்பில் பூனைதான் தூங்கும். திரும்பி வந்து, "தனக்குப் போகத்தான் தானமும் தர்மமும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

"அது வேதத்துல இல்லையே" என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

சாயங்காலம் சலவைக்கார அக்கா தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், வருஷா வருஷம் எங்கள் ஓரங்களைத் தோண்டிப் பிள்ளைகளுக்கு வேகவைத்துப் போடுகிறவள். வண்டியில் என் இரண்டு மூட்டை.

"எல்லாம் ஒரே அளவா இருந்துச்சு. விதைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது, வேகவைக்க மனசு வரலை" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம்மா. விட்டுட்டு வந்தாச்சு. இப்ப இது உன்னோடது."

"என்னோடதுதானே அண்ணே?"

"ஆமா."

"அப்ப யாருக்குக் குடுக்கறதுன்னு நான்தானே பாக்கணும்? இந்த வருஷம் இல்லாதவங்க நீங்கதான்."

எனக்குச் சுருக்கென்றது. நம் வயலில் பொறுக்குகிறவள் நமக்குத் தர்மம் போடுவதா என்று ஒரு கணம் ரோஷமும் பொங்கியது. ஆனால் அவள் சொன்னதில் என்ன பொய்? வீட்டில் இருப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

அவருடைய முகத்தைப் பார்த்தேன். வேதத்தில் இதற்கு ஒரு மறுப்பைத் தேடி, அகப்படாமல் சிவந்து நின்றது. இத்தனை வருஷம் அள்ளி அள்ளிக் கொடுத்தவருக்கு, பின்னால் கட்டிய கையைப் பிரிக்க முடியவில்லை.

"ஏங்க," என்றேன், "அவ எத்தனை வருஷமா உங்ககிட்ட வாங்கியிருக்கா. கையை நீட்டுங்க."