மேஸ்திரி சும்மா உட்கார்ந்த மாலை

வில்ஃப் எங்கள் தறிக்கூடத்து மேஸ்திரி. சிறுவயதிலேயே ஆலைக்குள் வந்தவர். சும்மா இருப்பதைப் பாவமென்று நினைக்கிற ஜென்மம். ஆகஸ்டில் ஒரு வாரம் விடுமுறை விட்டு ஆலையைப் பூட்டிவிட்டு ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும். அங்கேயும் அதே அக்கம்பக்கம், அதே முகங்கள், கடல் மட்டும் கூடுதல். வில்ஃபும் வேண்டாவெறுப்பாக வருவார்.

அந்த வருடம் வந்து இறங்கியதுமே விடுதிக்காரியின் துணி பிழியும் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பிவிட்டார். மறுநாள் மணலில் சாய்வு நாற்காலி ஆடுகிறதென்று ஆப்பு செதுக்கினார். நாங்கள் சிரித்தால், "இளிச்சது போதும், போய் வேலையப் பாருங்க" என்றார், விடுமுறையில்.

எங்களோடு தறி ஓட்டும் அவர் மனைவி ஹில்டா கேட்டது ஒன்றே ஒன்று. கடைசி நாள் மாலை நடன மண்டபத்துக்குக் கூட வர வேண்டும். வந்தார். வந்தவர் என் பக்கத்துச் சுவரோரம் நின்று, தரையில் ஆடுகிற பலகை ஒன்றைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தறி இரைச்சலில் காது உதவாது. நாங்கள் உதடசைத்தே பேசுவோம், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். வாத்தியச் சத்தத்திலும் அதே பழக்கம்தான். எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த ஹில்டா எனக்கு வாயசைத்தாள்.

"அடுத்த வருஷம் இந்த மனுஷன வீட்லயே விட்டுட்டு உங்கூட வந்துடறேன்டி. இவரக் கட்டினதுக்கு ஒரு தறியக் கட்டியிருக்கலாம்."

எங்கள் உதடுகளைப் பார்த்தே வேலை வாங்கிய மேஸ்திரி அவர் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வில்ஃப் நிமிர்ந்திருந்தார். காதுவரை சிவந்துபோனார். எனக்கே தரைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

பலகையிலிருந்து காலை எடுத்தவர், அவளைப் பார்த்துச் சத்தமில்லாமல் சொன்னார்.

"எனக்கு ஆடத் தெரியாது ஹில்டா. எல்லாரும் ஆடறப்ப சும்மா நிக்க வெக்கமா இருக்கு. அதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கேன்."

அவளுக்கு மட்டும் சொன்னதாக நினைத்திருப்பார், பாவம். மண்டபம் நிறைய எங்கள் ஆலைப் பெண்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஹில்டாவின் முகம் கன்றிப்போனது. பிறகு வாயசைத்தாள்.

"ஆடவா கூப்பிட்டேன்? பக்கத்துல உக்காரத்தானே கூப்பிட்டேன்."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே அவர் அந்தப் பெரிய தளத்தைக் கடந்து போய், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.