வால் போன பக்கம்

எஃகு ஸ்கேலைத் தாளின் மேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நாக்கை உதட்டோரம் கொஞ்சம் வெளியே விட்டுக்கொண்டு ஒரு கோடு. ஸ்கேலைத் திருப்பிப் பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டும் சேருகிற கூர்முனை, படத்தில் பேசுகிற ஆளின் உதட்டுக்கு ஓர் அரிசி தூரத்தில் நிற்கவேண்டும். "தொட்டா, வாய்ல குச்சி ஐஸ் வச்ச மாதிரி இருக்கும். தள்ளிப் போனா, பக்கத்துல நிக்கறவன் சொன்ன மாதிரி ஆயிடும்" என்பார் பெரியவர். இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

தொலைக்காட்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், கதை பேசுகிற அறை அது. மற்றவர்கள் மடியில் கணினியோடு இருக்க, அவர் மட்டும் ஜன்னலோர மேஜையில் மைப்புட்டியோடு இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. சட்டைப் பையின் அடியில் ஒரு நீலக் கறை. எந்தச் சட்டை போட்டாலும் அதே இடத்தில் அதே கறை. படப்பிடிப்புக்கு முன் ஒவ்வொரு காட்சியையும் கட்டம் கட்டமாக வரைந்து வைக்கிறார்களே, அந்தத் தாள்கள் அவர் மேஜைக்கு வரும். யாரும் கேட்காமலே அவற்றில் பேச்சு பலூன் வரைந்து, வசனத்தை அச்சுக் கோத்த மாதிரி எழுதி, பேசுகிற ஆளைக் காட்டும் வாலும் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

"டிவிக்கு எதுக்கு சார் வாலு? ஆளுதான் வாயைத் திறந்து பேசப்போறாரே" என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். "பேசறது தெரியும். யாரு பேசறான்னு எழுதி வச்சாத்தான் தெரியும்" என்றார் இவர். அன்றிலிருந்து அங்கே அவர் பெயர் வால் சார். அதில் அவருக்கு வருத்தமில்லை. சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்டதே ‘வாலு’ என்றுதான். அப்போது அதற்குக் காரணம் சேட்டை. பிற்பாடு அதுவே தொழிலாகிவிட்டது.

ஓசைக்கெல்லாம் எழுத்துக்கூட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் யாரோ எவர்சில்வர் டம்ளரைத் தவறவிட்டார்கள். எல்லோரும் கொட்டிய டீயைப் பார்த்துக் கால்களைத் தூக்கிக்கொள்ள, இவர் காதைச் சாய்த்து, "‘டங்’ இல்ல. ‘ணங்’. மூணு சுழி ண" என்றார். கதவு சாத்தினால் ‘தடால்’ வேறு, ‘படார்’ வேறு. படார் என்றால் கோபம், தடால் என்றால் காற்று. வீட்டில் கடைக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டில்கூட ‘உப்பு!’ என்று ஆச்சரியக்குறி இருக்கும். மறந்துவிட்டு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பொருளுக்கு மட்டும் அந்த மரியாதை.

இன்னொரு பழக்கம், எதைச் சொன்னாலும் "யாரு சொன்னது?" என்று கேட்பது. "மழை வரும்போல இருக்குன்னாக்கூட யாரு சொன்னதுங்கறாரு. வானந்தான் சொல்லுது, அதுக்கும் ஒரு வால் போட்டுடுங்கன்னு விட்டுடுவேன்" என்பது மனைவியின் புகார். முப்பது வருடப் புகார் என்பதால் அதில் காரம் போய் ருசி மட்டும் மிச்சமிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு ஒரு வேர் உண்டு. அது ஒரே ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், வெள்ளிக்கிழமை தோறும் வந்த ஒரு வாரப் பத்திரிகையில் ‘எட்டாவது பொத்தான்’ என்றொரு சித்திரக்கதை. ஏழு மாடி அரசாங்கக் கட்டடம். ஆனால் லிஃப்டில் எட்டாவதாக ஒரு பொத்தான். அதை அழுத்திப் போனவர்கள் திரும்புவதில்லை. அவர்களைப் பற்றிய காகிதங்களும் மறுநாள் காணாமல் போகும். யார் செய்கிற சதி இது? எழுதி வரைந்தது அண்ணன். பலூனும் எழுத்தும் தம்பி. எதிரெதிராக இல்லை, ஒரே பக்கமாக உட்கார்ந்து ஒரே மேஜையில் வேலை. அண்ணன் ஒவ்வொரு ஆளின் வசனத்தையும் அந்தந்தக் குரலில் சொல்லுவார். செயலாளர் என்றால் மூக்கால். லிஃப்ட்காரர் என்றால் பொடி போட்ட தொண்டையால். தம்பி சிரித்துக்கொண்டே எழுதுவார். கை நடுங்கி எழுத்து கோணினால், "சிரிக்காதடா வாலு, மை சிந்தப்போவுது" என்று அண்ணனே முதலில் சிரிப்பார். மையும் பசையும் ஆறிப்போன டீயும் கலந்த அந்த வாசனைக்காக இப்போதும் அவர் சிலசமயம் மைப்புட்டியை வெறுமனே திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடுவதுண்டு.

நாற்பத்தோராம் வாரம். லிஃப்டுக்குள் ஒரு பெரிய கட்டம். முன்னால் செயலாளர், கையை உயர்த்தியபடி. பின்னால், பொத்தான்களுக்குப் பக்கத்தில், வாரா வாரம் ஒரு மூலையில் வந்துபோகிற லிஃப்ட்காரர். வசனம்: ‘எட்டாவது மாடிக்கு அவர்களை அனுப்பியது நான்தான்.’ செயலாளர் சொல்ல வேண்டியது அது. அவர்தான் சதிகாரர் என்று அண்ணன் நாற்பது வாரமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் கை! ஐந்து விரலும், நரம்பும், மோதிரமும். அண்ணன் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த கை. பலூனிலிருந்து நேராக வால் இறக்கினால் அது கையின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். தம்பிக்கு மனசு வரவில்லை. வாலைத் தோளைச் சுற்றி வளைத்தார். வளைத்த வால் ஒரு விரற்கடை அதிகம் போய், லிஃப்ட்காரரின் உதட்டுக்கு ஓர் அரிசி தூரத்தில் நின்றுவிட்டது. அச்சுக்குப் போகிற அவசரம். வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் பிரித்தபோதுதான் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை கடிதங்கள் சாக்கில் வந்தன. ‘லிஃப்ட்காரனா! தினமும் எல்லோரையும் ஏற்றி இறக்கியவனா!’ என்று ஊரே அலறியது. ‘மூன்றாம் வாரமே அவன் சட்டையில் ஒரு பித்தான் இல்லை, அப்போதே சந்தேகப்பட்டேன்’ என்று ஒருவர். பித்தான் இல்லாததற்குக் காரணம் அண்ணன் அதை வரைய மறந்தது என்பது தம்பிக்குத் தெரியும். அண்ணன் எல்லாக் கடிதங்களையும் படித்தார். புதுத் தாளை எடுத்தார். குனிந்து வரைய ஆரம்பித்தவர், "தலை இருக்க வாலு ஆடிருச்சே" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் லிஃப்ட்காரரின் பையில் எட்டாவது மாடிச் சாவி முளைத்தது. அதன்பிறகு கதை எங்கேயோ உயரத்துக்குப் போயிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் முதல் வழக்கறிஞர்கள் வரை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தார்கள்.

சிரித்துக்கொண்டு சொன்னாரா, கடுத்துச் சொன்னாரா? குனிந்த தலையில் முகம் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அதே மேஜையில் இருவரும் வேலை செய்தார்கள், ஒரே டீயை இரண்டாக்கிக் குடித்தார்கள், வீட்டு விசேஷங்களில் முன்னே நின்றார்கள். அந்த வாலைப் பற்றி மட்டும் ஒரு பேச்சில்லை. தம்பி ஸ்கேலைக் கையில் எடுத்தது அந்த வாரந்தான். அப்புறம் அவர் போட்ட ஒரு வாலும் வளைந்ததில்லை. அண்ணன் போய்ப் பதினோரு வருடமாகிறது. கட்டின மனைவியிடம்கூட இதை அவர் சொன்னதில்லை.

இப்போது அந்தக் கதைதான் தொடராகிறது. இயக்குநருக்கு நாற்பத்தைந்து வயது. முடிதிருத்தும் கடை பெஞ்சில் அதைப் படித்து வளர்ந்த பெண். "கடையில மட்டுந்தான் சார் அந்தப் பத்திரிகை வரும். அப்பாவுக்கு மாசத்துக்கு நாலு வாட்டி முடி வெட்ட வச்சேன். மொட்டையடிக்கறதுதான் பாக்கி" என்பார். அவர்தான் இவரைத் தேடிப்பிடித்து ஆலோசகர் என்று உட்கார வைத்தவர்.

போன வாரம் அவர் அந்தப் பக்கத்தைச் சுவரளவு பெரிதாக்கிப் போட்டார்.

"சார், ஆறாவது பாகம். அடுத்த புதன்கிழமை எடுக்கறோம். பத்திரிகைல வால் லிஃப்ட்காரர்கிட்ட போகுது. ஆனா அவர் வாய் மூடியிருக்கு. செயலாளர் வாய்தான் திறந்திருக்கு. டிவில யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாகணும். யாரு சொன்னது சார் இதை?"

தன் கேள்வி தன்னிடமே திரும்பி வந்தது. அறையில் ஆளுக்கொரு விளக்கம். லிஃப்ட்காரர் வாயைத் திறக்காமலே பேசத் தெரிந்தவர் என்றார் ஒருவர். செயலாளர் விட்டது கொட்டாவி என்றார் இன்னொருவர். "எப்பேர்ப்பட்ட மூளைப்பா! நாப்பது வாரம் மறைச்சு வச்சு ஒரு கட்டத்துல உடைச்சாரே" என்று எல்லோரும் அண்ணனைக் கொண்டாடினார்கள். உண்மையைச் சொன்னால் அந்த மூளை தம்பியின் கைத்தவறாகச் சிறுத்துப்போகும். சொல்லாவிட்டால், உயிருள்ள ஒரு நடிகரின் வாயில் தன் தவறை வைத்துப் பேச வைத்தாக வேண்டும். "திங்கக்கிழமை சொல்றேம்மா" என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி வீட்டுக்குப் போனார். "பதினோரு வருஷமா அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போங்க தம்பின்னு சொல்றேன். காது கேக்காத மாதிரி தலையாட்டுவீங்க. இன்னிக்கு என்ன ஞானோதயம்?" என்று அண்ணி தகரப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டார். அண்ணன் கடைசிக் காலத்தில் கதையைப் புத்தகமாகப் போட நினைத்தவர். மூலப் படங்களையெல்லாம் எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தார். பாதியில் உடம்பு படுத்தியது, புத்தகம் நின்றுபோயிற்று. பெட்டியில் இருந்தவை அந்தப் படங்கள். இவர் அதைத் திறக்காததற்கு ஒரே காரணம், நாற்பத்தொன்று.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்பத்தொன்று வந்தது. வால் வளைந்தபடியே இருந்தது. அதைத் திருத்த ஒரு சொட்டு வெள்ளை மை போதும். அண்ணன் அதைத் தொடவே இல்லை. திருத்தம் வேறு இடத்தில் இருந்தது. லிஃப்ட்காரரின் மூடிய வாயை நீலப் பென்சிலால் திறந்திருந்தார். வாய் திறந்தால் முகமே மாறும் அல்லவா? தாடை, கன்னம், கண்ணோரச் சுருக்கம் வரை புதிதாகப் போட்டிருந்தார். நோயாளியின் கை, கோடு நடுங்கியிருந்தது. செயலாளரின் வாயை ஒரே கோட்டில் மூடியிருந்தார். ஓரத்தில், எழுத்து வேலைக்குக் குறிப்பு எழுதுகிற வழக்கமான இடத்தில் இரண்டு வரி:

‘வாலுக்கு: வால் அப்படியே இருக்கட்டும். வாய்தான் என் தப்பு.’

அழுதார். மறைக்கவும் முயலவில்லை. அண்ணி தண்ணீரோடு ஓடி வந்து, "என்னாச்சு தம்பி? யாரு என்ன சொன்னாங்க?" என்று பதறினார்.

"அண்ணன் சொன்னாரு அண்ணி" என்றார்.

திங்கட்கிழமை காலை இயக்குநர் தனியாக இருக்கும்போதே படத்தை மேஜையில் வைத்து, கை, மோதிரம், விரற்கடை, சாக்குக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் நீலக் கோட்டின் மேல் விரலை வைக்காமல் வைத்துப் பார்த்தார். முடிதிருத்தும் கடை பெஞ்சு கண்ணுக்குள் வந்துபோயிருக்க வேண்டும்.

"அப்போ கதைன்னு உங்க பேரையும் போடணும் சார்."

"யாரு சொன்னது?" என்றார் இவர், பழக்க தோஷத்தில். பிறகு சிரித்துவிட்டார். "வேணாம்மா. தலை இருந்ததாலதான் வாலு ஆடுச்சு. நீங்க லிஃப்ட்காரர் வாயைத் திறங்க, போதும்."

பத்து மணிக்கு மற்றவர்கள் வந்துசேர்ந்தார்கள். மத்தியானம் ஆறாவது பாகத்தின் தாள் அவர் மேஜைக்கு வந்தது. தாள் வரைகிற பெண் அண்ணன் திருத்திய கட்டத்தைப் பார்த்தே போட்டிருந்தாள். முன்னால் அதே கை, அதே மோதிரம். பின்னால் வாய் திறந்த லிஃப்ட்காரர். வால் சார் பலூன் வரைந்தார், வசனம் எழுதினார், ஸ்கேலை எடுத்துச் சாய்த்தார். நேராக இறக்கினால் கை வெட்டுப்படும்.

ஸ்கேலைப் பைக்குள் போட்டுப் பையின் வாரையும் மாட்டினார். பேனாவை மையில் தோய்த்து, வெறுங்கையால், செயலாளரின் தோளைச் சுற்றி நீளமாக ஒரு வாலை வளைத்துக்கொண்டு போய், லிஃப்ட்காரரின் உதட்டுக்கு ஓர் அரிசி இடம் விட்டு நிறுத்தினார்.