பொட்டு வைத்த பேட்டரி

சென்ற ஆண்டு ஆயுத பூஜையை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி ஐந்து நிமிடம். பெருங்களத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்பாக, ஜி.எஸ்.டி. சாலையின் நடுவில், பதினெட்டு வயதான எங்கள் கார் கிளம்ப மறுத்துவிட்டது. விடுமுறை முடிந்து ஊர்களிலிருந்து வந்திறங்கியவர்கள் பெட்டிகளோடும் அரிசி மூட்டைகளோடும் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். வாகனங்கள் அசையாமல் நின்றதால் நானாகத்தான் இன்ஜினை அணைத்தேன். பழைய இன்ஜின் நெரிசலில் சூடேறக் கூடாது என்பதற்காக எப்போதும் அப்படிச் செய்வது வழக்கம். முன்னால் நின்ற பேருந்து நகர்ந்ததும் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றொரு ஓசை மட்டும் வந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் ‘டிக்’.

என் பக்கத்து இருக்கையில் கல்லூரித் தோழி இருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அன்று அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. அவள் சொல்லச் சொல்ல விடைகளை எழுதப்போகிறவள் நான். வண்டலூருக்கு அப்பால் ஒரு கல்லூரியில் தேர்வு மையம். ஒன்பது மணிக்கு வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். முந்தைய முறை இதே தேர்வுக்கு, எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டவர் கடைசி நேரத்தில் வராமல்போக, இவள் வாயில்வரை சென்று திரும்பி வந்தாள். கடலோரக் கிராமத்தில் மீன் விற்று இவளைப் படிக்க வைக்கும் அம்மாவிடம், அன்று என்ன சொன்னாள் என்று நான் கேட்டதே இல்லை. இந்த முறை அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே, முந்தின நாளே அவளைப் பொழிச்சலூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து தங்க வைத்திருந்தேன்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா வெளியூரில் வேலை பார்ப்பதால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு இரண்டு ஆண்டுகளாக என்னுடையது. “பேசாம வித்துடு, பொம்பளப் புள்ள ஓட்டற வண்டியா இது” என்று மாமா வரும்போதெல்லாம் சொல்வார். எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பட்டறைக்குச் சென்று கேள்வி கேட்கவும் கூச்சம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கடைப்பிடித்தேன்: காரோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பாடநூலைப் போல அடிக்கோடிட்டு, ஓரக்குறிப்பு எழுதி, இரண்டு முறை. வாரம் ஒருமுறை ஆயிலும் கூலன்ட்டும் பார்ப்பேன், டயர்களில் காற்று பார்ப்பேன், மாதம் ஒருமுறை மீட்டர் வைத்து பேட்டரியை அளப்பேன். டிக்கியில் ஒரு பெட்டி உண்டு. வழியில் நின்றால் பின்னால் வைக்கச் சிவப்பு முக்கோணம், டார்ச், கையுறை, தண்ணீர் கேன், ஃபியூஸ்கள், ஸ்பானர்கள், உப்புத்தாள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

எனவே அந்தக் காலையில் எனக்கு உடனே பயம் வரவில்லை. அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு இறங்கினேன். பின்னால் ஓர் ஆட்டோ. பெட்டிகளும் குழந்தைகளுமாக ஒரு குடும்பமே அதில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னாமா, நடு ரோட்ல கோலம் போடப் போறியா? ஓரங்கட்டு.”

வண்டி கிளம்பவில்லை என்றேன். அவரே இறங்கிவந்து, சாலையைக் கடந்துகொண்டிருந்த இருவரைத் துணைக்கு அழைத்து, காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் ஆட்டோவையும் அருகிலேயே ஓரங்கட்டினார். என் தோழி இறங்கவா என்று கேட்டாள். உள்ளேயே இரு என்றேன். தள்ளியே கிளப்பிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்கு, காரின் முன்னால் பத்தடி இடமாவது வேண்டும். நெரிசல் மீண்டும் இறுகிவிட்டிருந்தது. கைப்பேசியில் வாடகைக் கார் தேடினேன். மூன்று பேர் அடுத்தடுத்து ஏற்றுக்கொண்டு, அடுத்தடுத்து ரத்து செய்தார்கள். கண்ணில் பட்ட ஆட்டோக்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ரயிலில் போகலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி அடுத்த வண்டி எட்டு நாற்பதுக்கு. அதில் போனால், மறுமுனையில் இறங்கிக் கல்லூரிக்குச் செல்ல நேரம் போதாது.

காருக்குள் தோழியின் பேசும் கடிகாரம் எட்டு பதினொன்று என்று ஆங்கிலத்தில் அறிவித்தது.

டிக்கியைத் திறந்து முக்கோணத்தை எடுத்துப் பின்னால் வைத்தேன். பிறகு ஸ்பானரைத் தேடினேன். டார்ச் இருந்தது. கையுறை இருந்தது. ஃபியூஸ்கள் இருந்தன. ஸ்பானர்கள் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. ஆயுத பூஜையன்று அவற்றை எடுத்துக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்தின் முன் அடுக்கியது நான்தான். மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னார். மறுநாள் கார் வேலைக்காக ஒன்றை மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் அங்கேயே திரும்ப வைத்தேன். பெட்டிக்குக் கொண்டுவரவில்லை. ஆபத்துக்காகச் சேர்த்த கருவிகள் அத்தனையும் பொழிச்சலூரில் பூஜையறையில் பத்திரமாக இருந்தன. உப்புத்தாளுக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை. அதனால் அது மட்டும் பெட்டியில் கிடந்தது.

ஆட்டோக்காரர் இதற்குள் பானெட்டைத் திறந்துவிட்டிருந்தார். என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பியதும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. அவர் தீர்ப்புச் சொன்னார்.

“பேட்டரி பூட்ச்சு. புச்சு வாங்கிப் போட்டாத்தான். ஞாயித்துக்கெழம எவன் கட தொறப்பான்? வுட்டுட்டு நடையக் கட்டு.”

சுற்றி நின்ற இருவரும் தலையாட்டினார்கள். என் இயல்புப்படி நானும் தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் கையேட்டின் பக்கம் ஒன்று கண்முன் நின்றது. பேட்டரியில் மின்சாரம் இல்லாமலிருப்பது வேறு, இருக்கும் மின்சாரம் போய்ச்சேராமலிருப்பது வேறு.

“இல்லண்ணா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்றேன். “வெள்ளிக்கிழமை அளந்து பார்த்தேன்.”

“அளந்து பாத்தியா? நீ இன்னா மெக்கானிக்கா?”

“இல்லண்ணா, எம்.ஏ. தமிழ்.”

காருக்குள்ளிருந்து தோழி சிரித்துவிட்டாள். “அண்ணா, அவ வாயத் தொறந்து இவ்ளோ பேசறதே பெருசு. சொல்றதக் கேட்டுக்கோங்க” என்றாள்.

சாவியைத் திருப்பும் வேலையை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு நான் பேட்டரியருகே நின்றேன். அவர் நான்கைந்து முறை திருப்பியதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, இரு முனைகளையும் கவ்வியிருக்கும் கிளாம்புகளை வெறும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பாசிட்டிவ் குளிர்ந்திருந்தது. நெகட்டிவ் சுட்டது. மின்சாரம் அந்த இடத்தில்தான் வழி கிடைக்காமல் திணறுகிறது. தளர்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தது. கிளாம்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது.

சந்தனம்.

பூஜையன்று காலை இரண்டு கிளாம்புகளையும் கழற்றி, முனைகளைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தேன். காருக்கும் பொட்டு வைக்கச் சொல்லி அம்மா சந்தனக் கிண்ணத்தைத் தந்தார். ஸ்டியரிங்குக்கு வைத்தேன், நான்கு டயர்களுக்கும் வைத்தேன். வண்டியின் உயிரே இதுதானே என்று பேட்டரியின் ஒரு முனைக்கும் தாராளமாக வைத்தேன். மறுநாள், காய்ந்திருந்த சந்தனத்தின் மேலேயே கிளாம்பை மாட்டி இறுக்கினேன். வெள்ளிக்கிழமை அளந்தபோது மீட்டரின் ஊசிகளை முனையின் உச்சியில் வைத்ததால் எல்லாம் சரியாகவே காட்டியது. இடுக்கில் கொஞ்சம் உலோகம் தொட்டுக்கொண்டிருந்ததால் வீட்டில் வண்டியும் கிளம்பியிருந்தது; வழியில் குலுங்கியதில் அதுவும் விட்டுப்போயிருந்தது. எந்தப் பட்டறைக்காரரும் செய்யாத பிழை. ஒழுங்காகச் செய்கிறேன் என்ற நம்பிக்கையில் நானே செய்தது.

“அண்ணா, பத்தாம் நம்பர் ஸ்பானர் இருக்கா? என்னோடது பூஜையறையில இருக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்டோ இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்தார். அவர் ஸ்பானரிலும் குங்குமம் இருந்தது.

“நானும் பூஜ போட்டேன்மா. சாமிய வண்டியாண்ட கூட்டியாந்தேன். டூல்ஸ சாமியாண்ட வுட்டுட்டு வரல.”

ஸ்பானரை வாங்கிக்கொண்டேன். கார் முழுவதும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் ஓடு போல ஒட்டியிருந்தது. முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். கடிகாரம் எட்டு இருபத்தாறு என்றது. தோழி மடியில் இருந்த நுழைவுச்சீட்டை விரல்களால் ஓரம் பார்த்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கிளாம்பை மாட்டி இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். ஒரே சுழற்சியில் இன்ஜின் உறுமிக் கிளம்பியது.

ஆட்டோக்காரர் பானெட்டைச் சாத்தினார். “எம்.ஏ. தமிழு, கெளம்பு, கெளம்பு” என்று சொல்லிவிட்டு, நான் தண்ணீர் கேனைச் சாய்த்துக் கை கழுவுவதற்குள் சாலையில் இறங்கி, அடுத்து வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி எங்களுக்கு வழி ஏற்படுத்தித் தந்தார். ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தபோது பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வண்டலூர் தாண்டியதும் நடந்ததைச் சொன்னேன். கார் நின்றது பழசானதால் அல்ல, என் தவறால் என்றேன். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

“போன தடவ வராதவங்க இன்ன வரைக்கும் ஒரு ஃபோன் கூடப் பண்ணல” என்றாள். “நீ வண்டிய நிறுத்துன, நீயே எடுத்துட்ட. ரோட்டப் பாத்து ஓட்டுடீ.”

எட்டு ஐம்பத்திரண்டுக்கு வாயிலில் இறங்கினோம். காவலாளி எங்கள் இருவரின் அட்டைகளையும் பார்த்துவிட்டு, என் கையைக் காட்டி இது என்னம்மா என்று கேட்டார். நகக்கண்களில் கறுப்பும் மஞ்சளுமாக அப்பியிருந்தது. பேட்டரி என்றேன். உள்ளே போகச் சொன்னார். மூன்று மணி நேரம் அவள் சொல்ல, அந்தக் கையால் நான் எழுதினேன். ஓரிடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. வெளியே வந்ததும் தன் அம்மாவுக்கு ஃபோன் செய்து, “எழுதிட்டேன்மா” என்று மட்டும் சொன்னாள். எதிர்முனையில் அழுகிறார் என்று தெரிந்து நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டேன்.

அவள் இப்போது தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முதல் நாள் வேலைக்கு எங்கள் காரில்தான் போனாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அடுத்த முறை மாமா வந்து விற்றுவிடு என்றபோது, விற்கப்போவதில்லை என்று சொன்னேன். குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. மாமா காபியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும், நான் செய்த பிழையை என்னுடையது என்றும் ஒரே காலையில் வாய்திறந்து சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் பேச எழுந்து நிற்பது அவ்வளவு கடினமாக இருந்ததில்லை.