மூன்று பல் தள்ளி

பட்டறை வாசலில் வந்து நிற்கிறவர்கள் இன்றைக்கும் "பெரியவர் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரியவர் போய் மூன்று வருஷமாகிறது. "சின்னவர் இருக்கேன், சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். வயது ஐம்பத்து நான்கு, பாதித் தலை வெளுத்தாயிற்று. ஆனாலும் அவர் சின்னவர்தான். அந்தப் பெயர் கிரீஸ் மாதிரி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

அண்ணன்காரர் எதையும் எழுதிவைக்க மாட்டார். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். திரும்பி வந்து, யாரிடமாவது வம்பு பேசிக்கொண்டே மாட்டிவிடுவார். தம்பிக்கு அந்த ஞாபகம் கிடையாது. கழற்றுகிற ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டை நூலால் கட்டி நம்பர் எழுதுவார். "இவன் மெக்கானிக்கா, தபால்காரனா?" என்று அண்ணன் நாலு பேர் முன்னால் கேட்பார். சின்னவர் பதிலும் சொன்னதில்லை, அட்டையையும் விட்டதில்லை.

அண்ணன் விட்டுப்போனது இந்தப் பட்டறையும் ஒரு பழைய காரும். இரண்டும் அண்ணியின் பெயரில். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அந்தக் காரில் ஏற்றிவந்து, வெளுத்து, மடித்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அண்ணியின் பிழைப்பு. அந்தக் காருக்கு மறுநாள் காலை தகுதிச் சோதனை. எஞ்சினில் எண்ணெய் ஒழுகினால் சோதனைக்காரர் வந்த வழியே அனுப்பிவிடுவார். ஒழுகியது டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில். நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்புப்பொறி பங்கிடுகிற சாமான் அது. அதை மேலே உருவி, அடியிலிருக்கும் வாஷரை மாற்றி, திரும்ப இறக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

காலை பத்து மணிக்குத் தொடங்கிய அந்த அரை மணி, பகல் இரண்டாகியும் முடியவில்லை. வாஷரை மாற்றி இறக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் முதலில் அரை விரற்கடை மேலேயே நின்றுகொண்டது. சின்னவர் சுத்தியலைத் தொடவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, அடியில் அதோடு கோக்கிற ஆயில் பம்ப் தண்டைத் திருப்பிவிட்டார், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற நிலையிலேயே சமர்த்தாக இறங்கிவிட்டது. அட்டை பார்த்து ஒயர்களைச் செருகினார். சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் தும்முகிறது, புகைக்குழாய் வெடிக்கிறது, வண்டி மட்டும் ஓட மாட்டேன் என்கிறது.

அண்ணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, உங்க அண்ணனா இருந்தா இந்நேரம் கை கழுவிட்டுக் காபி கேட்டிருப்பாரு."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணி."

"பாருங்க, பாருங்க. அஞ்சு மணிக்கு மெயின்ரோட்டு ஒர்க்ஷாப்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஓடலைன்னா அவர் கட்டி இழுத்துட்டுப் போகட்டும்."

பட்டறைக்குச் சொந்தக்காரியே தன் வண்டியை அடுத்த கடைக்கு அனுப்பினால் பிறகு யார் இங்கே வண்டி விடுவார்கள்? சின்னவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள்.

"கட்டைவிரலைக் குடு," என்றார்.

"எதுக்குங்க?"

"முதல் பிளக்கைக் கழட்டியிருக்கேன். அந்த ஓட்டையை அடைச்சுக்க. காத்து முட்டினா சொல்லு."

"சோறு கொண்டாந்தா விரலைக் கேக்கறாரு, அக்கா. நாளைக்கு எதைக் கேப்பாரோ," என்று ஓரகத்தியிடம் சொல்லிக்கொண்டே விரலை வைத்தாள்.

எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் எஞ்சினில் போட்டிருக்கும் கோடு இரண்டு தடவை நேராக வரும். ஒன்று மெய், ஒன்று பொய். காற்று முட்டுகிறதுதான் மெய். காலையில் பொய்யை நம்பிவிட்டோமோ என்று சின்னவருக்குச் சந்தேகம். ஸ்பேனரால் மெல்லத் திருப்பினார்.

"முட்டுதுங்க. விரலையே தள்ளுது."

கோடு நேராக நின்றது. ரோட்டர், மூடியில் ஒன்று என்று அச்சிட்ட முனையைப் பார்த்தது. கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறபடியே இருந்தது. ஆனால் அந்த முனையில் செருகியிருந்த ஒயர் மூன்றாவது சிலிண்டருக்குப் போகிறது; காலையில் கழற்றும்போதும் அது அங்கேதான் இருந்தது என்றது அட்டை.

சின்னவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். இருந்ததை இருந்தபடி எழுதியவர் அவர். அட்டை சரியென்றால், இருந்ததே தப்பு. பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் தடவிப் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டப்பா வருஷக்கணக்காக உரசி, அதில் ஒரு பள்ளம் பளபளவென்று இருந்தது. அண்ணன் எப்போதோ அதன் அடியிலிருக்கும் பல்சக்கரத்தை மூன்று பல் தள்ளி இறக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஒயர்களை ஆளுக்கு ஒரு முனை நகர்த்தியிருக்கிறார். இரண்டு தப்பும் சேர்ந்து வண்டியை ஓட்டியிருக்கின்றன. இன்றைக்கு ஒன்றை மட்டும் திருத்தியதால் வந்த வினை இது.

விஷயத்தைக் கேட்ட மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஒயரை மாத்திப் போடுங்க. கேட்டா அட்டை மாறிப்போச்சுன்னுடுங்க."

"அட்டை மாறலையே."

"எனக்குத் தெரியுது. அக்காவுக்கு எதுக்குத் தெரியணும்?"

அட்டை மாறிவிட்டது என்றால், அண்ணன் முப்பது வருஷமாகச் சொன்னதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. உள்ளதைச் சொன்னால் அண்ணி முகம் மாறும். சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணி, இதை அண்ணன்தான் தள்ளி இறக்கியிருக்காரு."

அண்ணி நாற்காலியை விட்டு அசையவில்லை. "போனவர் வந்து பதில் சொல்ல மாட்டாருங்கிற தைரியமா?"

"குழாயை வந்து பாருங்க அண்ணி."

"குழாயை நான் என்னத்தைக் கண்டேன்? இருபது வருஷம் ஓடின வண்டி. அவர் வச்சிருந்த மாதிரியே வைங்க. ஓடுதா பார்ப்போம், அப்புறம் பேசுங்க."

வைத்தார். மூன்று பல் தள்ளி இறக்கியதும் டப்பா அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது. சாவியைத் திருப்பின மாத்திரத்தில் வண்டி பிடித்தது. "பாத்தீங்களா," என்று அண்ணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

"தண்ணித்தொட்டி மேட்டுல எப்படி?"

"எப்பவும் போலத்தான். முதல் கியர்ல முக்கி முக்கி ஏறிச்சு. வயசான வண்டின்னு அவரே சொல்லுவாரு."

"வயசு இல்லை அண்ணி. டப்பா குழாயில முட்டுது, பொறி விழுற டைமிங்கைச் சரியா வைக்க விடலை. எனக்கு இன்னும் அரை மணி குடுங்க."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு வரைக்கும் உங்களோடது."

அவர் மறுபடி உருவி, புத்தகத்தில் உள்ளபடி இறக்கி, அட்டையைப் பார்க்காமல் ஒயர்களை ஒரு முனை நகர்த்தினார். இப்போது டப்பாவைச் சுற்றி இடம் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, எஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்ததும் போல்ட்டை முறுக்கினார். அண்ணி அதே மூட்டைகளோடு கிளம்பிப் போனாள். சின்னவர் ஆறிப்போன சோற்றை நின்றபடியே சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் மெயின்ரோட்டுக்காரர் சங்கிலியோடு வந்து இறங்கினார்.

"எங்கே வண்டி?"

"மேட்டுக்குப் போயிருக்கு."

"ஓடுற வண்டியை இழுக்கவா என்னைக் கூப்பிட்டீங்க?"

சின்னவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கார் உள்ளே வந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி மெயின்ரோட்டுக்காரரிடம், "அலைய வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. வேலை முடிஞ்சிடுச்சு," என்றாள். அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டாவது கியர்லயே ஏறிடுச்சு," என்று பானட்டைப் பார்த்துச் சொன்னாள். சாவியை எடுத்துச் சின்னவரின் இடது கையில் வைத்தாள். வலது கையில் சோறு. "நாளைக்குச் சோதனைக்கு நீங்களே ஓட்டிட்டுப் போங்க. எட்டு மணிக்கு அங்கே நிக்கணும்."

"சரி அண்ணி."

"யாரு கேட்டாலும் வாஷர் மாத்தினோம்னு மட்டும் சொல்லுங்க."

"வாஷர்தான் அண்ணி மாத்தினேன்," என்றார் சின்னவர்.